பருப்பில் சோதிக்காத குக்கர்

ஆய்வகத்துக்கு அனுப்பிய குக்கரோடு திரும்பி வந்த அறிக்கை ஒன்றரைப் பக்கம்தான். ‘வரைபடத்தில் உள்ள அளவுகளின்படியே செய்யப்பட்டுள்ளது, உற்பத்திக் குறை எதுவும் காணப்படவில்லை’ என்பது அதன் சாரம். நுகர்வோர் குறைதீர் ஆணையத்தின் வராந்தாவில் நின்றபடியே அதைப் படித்து முடித்த எதிர்த்தரப்பு வக்கீல், “இனிமே என்ன சார் இருக்கு? மெமோ போட்டு வாபஸ் வாங்கிடுங்க” என்று சிரித்தார். என் ஜூனியரின் முகம் சுருங்கிவிட்டது. என்னைக் கேட்டால், அந்த வழக்கு அன்றைக்குத்தான் சரியான பாதைக்கு வந்தது.

வழக்குப் போட்டவர் மதுரைப் பக்கம் ஒரு சிற்றூரில், வீட்டிலேயே தையல் மிஷின் போட்டுப் பிழைப்பவர். 2021 தீபாவளிக்கு ஐந்து லிட்டர் குக்கர் ஒன்று வாங்கினார். ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற வெளிமூடிக் குக்கர். ‘ஒரே கையால் திறக்கலாம்’ என்று அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அடுத்த ஆண்டு ஒரு நாள் காலையில் துவரம்பருப்பு வேகவைத்தார். மூன்று விசில் வந்ததும் அடுப்பை அணைத்தார். சற்றுப் பொறுத்து, வெயிட்டைக் கரண்டிக் காம்பால் தூக்கிப் பார்த்தார். ‘உஸ்’ஸென்ற சத்தமே இல்லை. ஆவி அடங்கிவிட்டது என்று கைப்பிடியைத் திருப்பினார். மூடி எகிறிப் போய்ச் சுவரில் அடித்தது. கொதிக்கும் பருப்பு வலது கை முழுக்கவும் கழுத்திலும் கொட்டியது. காயம் ஆறிய பிறகும் விரல்கள் முன்போல் மடங்கவில்லை. கத்தரிக்கோல் பிடிக்கும் கை அது.

“ஆவி போயிருச்சான்னு பாத்துட்டுத்தான் சார் திறந்தேன். கல்யாணமான நாள்லேர்ந்து குக்கர்லதான் சமைக்கிறேன். எனக்குத் தெரியாதா?” என்றார்.

கம்பெனிக்கு அவர் எழுதிய கடிதத்துக்கு நாலு வரியில் பதில் வந்திருந்தது. ஆவி இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது என்று கையேட்டில் எச்சரித்திருக்கிறோம், நீங்கள் அதை மீறியிருக்கிறீர்கள், எங்களுக்குப் பொறுப்பில்லை.

1986-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மட்டுமே இருந்த காலமாக இருந்தால், இந்தப் பதிலை எதிர்கொள்ள நிறையச் சுற்றி வளைத்திருக்க வேண்டும். அந்தச் சட்டம் ‘குறைபாடு’ என்றது தரத்தில், அளவில், தூய்மையில் உள்ள குறையை. வாங்கிய பொருள் சரியில்லை என்று காட்டலாம். அந்தப் பொருளை யோசித்த விதமே சரியில்லை என்று சொல்ல அதில் தனி இடம் இல்லை. 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தபோது, ‘பொருள் பொறுப்பு’ என்று தனி அத்தியாயமே சேர்ந்தது. அதில் 84-ஆம் பிரிவு தயாரிப்பாளர் எப்போதெல்லாம் பொறுப்பாவார் என்று ஐந்து வகை சொல்கிறது: உற்பத்திக் குறை, வடிவமைப்புக் குறை, உற்பத்தி விவரக்குறிப்பிலிருந்து விலகல், கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருந்தாமை, போதிய செய்முறைக் குறிப்போ எச்சரிக்கையோ இல்லாமை. இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும்.

புகாரில் முதல் இரண்டையும் சேர்த்தே எழுதியிருந்தோம். உற்பத்திக் குறை என்றால் ஆயிரம் குக்கரில் ஒன்று கோணலாக வந்திருக்கிறது என்று பொருள். வடிவமைப்புக் குறை என்றால் ஆயிரமும் ஒன்றுபோல இருக்கின்றன, ஆயிரத்திலும் அந்த ஆபத்து இருக்கிறது என்று பொருள். அந்தக் குக்கர் வரைபடத்திலிருந்து இம்மியும் விலகவில்லை என்று ஆய்வகம் சொன்னதும், கேள்வி முழுக்க வரைபடத்தின் மேல் போய் உட்கார்ந்தது.

வரைபடத்தைப் படிக்க எனக்குத் தெரியாது. இன்ஜினீயரிங் கல்லூரியில் இயந்திரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரிடம் போனேன். குக்கரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “வக்கீல் சார், மொதல்ல ஒரு கணக்குப் போடுவோம்” என்று பேப்பரை எடுத்தார்.

வீட்டுக் குக்கர் வேலை செய்யும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. இந்த மூடியின் விட்டம் 20 சென்டிமீட்டர். பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். அப்படியானால் விசில் வரும் நேரத்தில் உள்ளிருந்து மூடியைத் தள்ளும் விசை 314 கிலோ. முக்கால்வாசிக்கு மேல் ஆவி போய்ப் பத்தில் ஒரு பங்கு அழுத்தமே மிச்சமிருந்தாலும் 31 கிலோ. கடையில் வாங்கும் 25 கிலோ அரிசிச் சிப்பத்தை விடக் கனமான ஒன்று மூடியை உள்ளிருந்து உதைக்கிறது. வெளிமூடிக் குக்கரில் இந்த உதையைத் தாங்குவது மூடியின் ஓரத்தில் உள்ள பற்கள்தான். கைப்பிடியைத் திருப்பினால் பற்கள் விலகும். விலகிய நொடியில் பிடிப்பு போய்விடும். போதாததற்கு, அழுத்தத்தில் உள்ள தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டிச் சூடாகியிருக்கும். அழுத்தம் சட்டென்று நீங்கியதும் அதில் ஒரு பகுதி அப்படியே ஆவியாகிப் பொங்கும். குழம்பு வெறுமனே சிந்தாமல் மேலே பீய்ச்சி அடிப்பது அதனால்தான்.

“அப்போ ‘உஸ்’ஸுன்னு சத்தம் ஏன் வரலை?” என்று கேட்டேன்.

வெயிட் உட்காரும் ஆவிக்குழாயை வெளிச்சத்தில் காட்டினார். உள்ளே மஞ்சளாகக் காய்ந்த பருப்பு நுரை. அடுப்பை அணைத்த பிறகு நுரை குழாயில் ஏறி அடைத்துக்கொண்டது. வெயிட்டைத் தூக்கினால் ஆவி வெளியேற வழியில்லை, சத்தமும் வராது. அந்த அம்மா செய்த சோதனை சரியானது. கருவிதான் அவருக்குப் பொய்ப் பதில் சொன்னது.

பிறகு பேராசிரியர் பாதுகாப்பில் மூன்று படிகள் உண்டு என்று விளக்கினார். இயந்திரங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 12100 என்ற சர்வதேசத் தரத்தில் இந்த வரிசை இருக்கிறது. முதல் படி, ஆபத்தே வராதபடி வடிவத்தை அமைப்பது. அது முடியாவிட்டால், ஆபத்துக்கும் ஆளுக்கும் நடுவில் தடுப்பு வைப்பது. அதற்கு மேலும் மிச்சமிருக்கும் ஆபத்துக்குத்தான் எச்சரிக்கை வாசகம். மூன்றாவதை எடுத்து முதலிரண்டின் இடத்தில் வைக்கக் கூடாது.

குக்கரில் முதல் படிக்கு உதாரணம் ஹாக்கின்ஸ் மாதிரியான உள்மூடிக் குக்கர். மூடி வாய்க்குள் நுழைந்து உள்பக்கமாக மேலே வந்து பதிகிறது. ஆவி தள்ளத் தள்ள மூடி இன்னும் இறுகும். அழுத்தம் இறங்காமல் யாராலும் திறக்க முடியாது. வெளிமூடிக்கு இந்த வசதி இல்லை. ஆகவே அங்கே இரண்டாம் படி வேண்டும். கைப்பிடிக்குள் ஒரு சிறிய முள். உள்ளே அழுத்தம் இருக்கும்வரை அது மேலெழுந்து கைப்பிடியைத் திரும்பவிடாமல் பிடித்துக்கொள்ளும். அழுத்தம் போனதும் தானே விழும். பல ஆண்டுகளாகச் சந்தையில் உள்ள ஏற்பாடு. நம் குக்கரில் அது இல்லை. ஆனால் கைப்பிடியின் உட்புறத்தில் அந்த முள்ளுக்கு அளவெடுத்ததுபோல ஒரு குழி மட்டும் இருந்தது.

“முள்ளு வைக்கணும்னு நினைச்சு அச்சு வெட்டியிருக்காங்க. அப்புறம் வேண்டாம்னு விட்டிருக்காங்க. ஏன் விட்டாங்கன்னு கேளுங்க” என்றார்.

அந்த ‘ஏன்’தான் வழக்கின் உயிர். சாட்சியங்களைப் பிரமாண வாக்குமூலங்களாகவே பெரும்பாலும் பார்க்கும் ஆணையத்தில், குறுக்கு விசாரணையை வினாப்பட்டியல் வழியாகத்தான் நடத்தினோம். ஆவணங்களை வரவழைக்க ஆணையத்துக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு என்று 38-ஆம் பிரிவு சொல்கிறது. அதைக் காட்டி, இந்த மாடலின் வடிவமைப்புக் கோப்பைக் கேட்டு மனுப் போட்டோம். ‘வியாபார ரகசியம்’ என்று எதிர்த்தார்கள். சம்பந்தப்பட்ட பக்கங்களை மட்டும் ஆணையத்தின் முன்னிலையில் பார்வையிடலாம் என்று உத்தரவானது.

ஒரு பொருள் பிறக்கிற கதையை அன்றுதான் ஆவணமாகப் பார்த்தேன். முதல் தாளில் வாடிக்கையாளர் தேவைகள். ‘மூடி இறுக்கமாக இருக்கிறது, வயதானவர்களால் திறக்க முடியவில்லை’ என்பது முதலிடத்தில். நியாயமான குறை. அதிலிருந்து பிறந்ததுதான் ‘ஒரே கையால் திறக்கலாம்’ என்ற இலக்கு. அடுத்து விவரக்குறிப்பு: கைப்பிடியைத் திருப்ப இவ்வளவு விசைக்கு மேல் தேவைப்படக் கூடாது என்று எண்ணில். அடுத்து மூன்று மாற்று யோசனைகளை ஒப்பிட்ட அட்டவணை. முள் உள்ள யோசனை பாதுகாப்பில் முதலிடம். விலையிலும் ‘சர்வீஸ் புகார்’ என்ற கட்டத்திலும் கடைசி. பழைய மாடல் ஒன்றில் முள் மேலேயே சிக்கிக்கொண்டு மூடி திறக்கவில்லை என்று புகார்கள் வந்திருந்தனவாம். கூட்டல் மதிப்பெண்ணில் முள் இல்லாத யோசனை ஜெயித்துவிட்டது.

இதைப் பேராசிரியரிடம் சொன்னபோது தலையில் அடித்துக்கொண்டார். முள் மேலே சிக்கினால் என்ன ஆகும்? மூடி திறக்காது, சமையல் தாமதமாகும், எரிச்சல் வரும். யாருக்கும் கை வெந்துபோகாது. ஒரு பாகம் பழுதாகத்தான் செய்யும். பழுதானாலும் ஆபத்தில்லாத பக்கமாகப் பழுதாக வேண்டும் என்பது பொறியியலின் பால பாடம். எரிச்சலையும் தீக்காயத்தையும் ஒரே அட்டவணையில் மதிப்பெண்ணாகப் போட்டுக் கூட்டினால் இப்படித்தான் ஆகும்.

கோப்பில் என் கண் குத்தி நின்ற இடம் எஃப்.எம்.இ.ஏ. என்ற தாள். எந்தப் பாகம் எப்படிப் பழுதாகும், பழுதானால் என்ன விளைவு என்று முன்கூட்டியே பட்டியலிடும் முறை அது. 1949-ல் அமெரிக்க ராணுவத்தில் எழுத்து வடிவம் பெற்று, விண்வெளித் துறைக்கும் கார்த் தொழிலுக்கும் போய், இன்று பாத்திரக் கம்பெனி வரை வந்திருக்கிறது. ஒவ்வொரு ஆபத்துக்கும் மூன்று மதிப்பெண்: விளைவின் கடுமை, நிகழும் வாய்ப்பு, முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியாத தன்மை. ஒவ்வொன்றும் பத்துக்கு. மூன்றையும் பெருக்கினால் வருவது ஆபத்து எண்.

‘அழுத்தம் இருக்கும்போதே பயனர் மூடியைத் திறத்தல்’ என்று அந்தத் தாளில் ஒரு வரி இருந்தது. கடுமை 9. வாய்ப்பு 2. கண்டுபிடிப்பு 3. பெருக்கினால் 54. நூறுக்கு மேல் வந்தால்தான் வடிவத்தை மாற்ற வேண்டும் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட வரம்பு. எடுத்த நடவடிக்கை என்ற கட்டத்தில் ‘கையேட்டில் எச்சரிக்கை சேர்க்கவும்’ என்று இருந்தது.

பெருக்கலில் கடுமை கரைந்துபோகும் இந்தச் சிக்கலை அத்துறைக்காரர்களே உணர்ந்துதான், கார்த் தொழிலுக்காக 2019-ல் வந்த கையேட்டில் பெருக்குத் தொகையைக் கைவிட்டுவிட்டு, கடுமைக்கு முதலிடம் தரும் முன்னுரிமை முறைக்கு மாறினார்கள். அந்தக் கையேடு குக்கருக்குக் கட்டாயமில்லை. ஆனாலும் 9 என்ற எண்ணைப் பார்த்த பிறகும் பெருக்கிப் பார்க்க வேண்டுமா என்று கேட்க அது எனக்கு உதவியது.

வினாப்பட்டியலில் இந்த இடத்தைத்தான் பிடித்தேன். ‘வாய்ப்பு 2 என்பது எந்தத் தரவை வைத்துப் போடப்பட்டது?’ பொறியாளர் குழுவின் மதிப்பீடு என்று பதில். ‘விற்பனைக்கு வருமுன் மாதிரிக் குக்கர்கள் எப்படிச் சோதிக்கப்பட்டன?’ ஆய்வகத்தில், அழுத்தமானி பொருத்தி, தண்ணீர் ஊற்றி. ‘பருப்பு, அரிசி முதலிய நுரைக்கும் பொருள்களை வைத்துச் சோதனை நடந்ததா?’ இல்லை. ‘வீடுகளில் கொடுத்துப் பார்த்ததுண்டா?’ ஒரே கையால் திறக்க எளிதாக இருக்கிறதா என்று கருத்துக் கேட்டோம். ‘ஆவிக்குழாய் அடைபட்ட நிலையில் திறந்து பார்த்தீர்களா?’ இல்லை.

வரைந்தபடி செய்தோமா என்று பார்ப்பது ஒரு சோதனை. வரைந்தது சமையலறைக்குச் சரிதானா என்று பார்ப்பது வேறு சோதனை. முதலாவதைக் கம்பெனி நன்றாகவே செய்திருந்தது. அதனால்தான் ஆய்வக அறிக்கை அவர்களுக்குச் சாதகமாக வந்தது. இரண்டாவது நடக்கவே இல்லை. தமிழ்நாட்டில் விற்கிற குக்கரைத் தண்ணீரில் மட்டும் சோதித்துவிட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் கிடைத்தது. சர்வீஸ் சென்டர்களின் புகார்ப் பதிவேட்டில், மூடி எதிர்பாராமல் திறந்துகொண்டது என்ற புகார்கள் சில இதே மாடலுக்கு முன்பே வந்திருந்தன. எல்லாவற்றுக்கும் எதிரே ‘கஸ்டமர் ஹேண்ட்லிங்’ என்று ஒரே குறியீடு. அந்தக் குறியீடு போட்ட புகார் எதுவும் வடிவமைப்புப் பிரிவுக்குப் போவதில்லை. விற்பனையோடு டிசைன் வேலை முடிந்தது என்று நினைக்கும் இடத்தில் இப்படித்தான் நடக்கும்: ஆபத்தைச் சொல்ல வந்த செய்தியே வாடிக்கையாளரின் தவறாகப் பதிவாகி அலமாரிக்குள் போய்விடும்.

வாதத்தின்போது எதிர்த்தரப்பில் மூத்த வக்கீல் ஒருவர் வந்தார். அவர் மூன்று வாதங்களை வைத்தார். மூன்றும் லேசானவை அல்ல.

ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறது என்பது முதலாவது. வீட்டுக் குக்கருக்கு அந்த முத்திரை 2021 பிப்ரவரி முதல் கட்டாயம். அதில்லாமல் விற்றால் குற்றம் என்பது சரி. ஆனால் அது இருந்தால் வேறெந்தக் கேள்வியும் கேட்கக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. பொறுப்பிலிருந்து விலக்குப் பெறும் வழிகளைப் பட்டியலிடும் 87-ஆம் பிரிவில் தரமுத்திரை இடம்பெறவே இல்லை. தரம் என்பது குறைந்தபட்சம்; அதற்கு மேல் தன் பொருளின் ஆபத்தைத் தானே அறிந்த தயாரிப்பாளர் என்ன செய்தார் என்பதே கேள்வி என்றேன்.

அந்த அம்மா தவறாகப் பயன்படுத்தினார் என்பது இரண்டாவது. தவறான பயன்பாட்டை 87-ஆம் பிரிவு விலக்காகச் சொல்வது உண்மை. ஆனால் குக்கரைக் கொண்டு அவர் சமைத்தார், வேறெதுவும் செய்யவில்லை. வெயிட்டைத் தூக்கிப் பார்ப்பது ஊரே செய்வது. மக்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று எதிர்பார்ப்பதும் வடிவமைப்பு வேலையில் சேர்ந்ததே. சந்தையில் விற்ற போலிச் சேஃப்டி வால்வுகளை ஜனங்கள் வாங்கி மாட்டிக் குக்கர்கள் வெடித்தபோது, பிரெஸ்டீஜ் நிறுவனத்தின் டி.டி.ஜெகந்நாதன் வாடிக்கையாளரைக் குறை சொல்லிக்கொண்டிருக்கவில்லை. மூடியின் விளிம்பில் ஒரு திறப்பை வெட்டி, வால்வு வேலை செய்யாவிட்டால் கேஸ்கட்டே பிதுங்கி ஆவியை வெளியேற்றும்படி செய்தார். போலிப் பாகம் மாட்டுவதைக்கூட எதிர்பார்த்து வடிவமைத்த முன்னுதாரணம் நம் நாட்டிலேயே இருக்கும்போது, பருப்பு நுரையை எதிர்பார்த்திருக்க முடியாதா?

மூன்றாவதுதான் கனமானது. “ஆவி இருக்கும்போது குக்கரைத் திறக்கக் கூடாதுன்னு தெரியாதவங்க இந்த ஊர்ல யாராவது இருக்காங்களா?” என்று கேட்டுவிட்டு 87-ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவைப் படித்தார். வெளிப்படையான, பொதுவாக எல்லோருக்கும் தெரிந்த ஆபத்துக்குத் தயாரிப்பாளர் பொறுப்பல்ல என்பது அவர் கொண்ட பொருள்.

நான் அந்த உட்பிரிவை மறுபடி மெதுவாகப் படிக்க அனுமதி கேட்டேன். தெரிந்த ஆபத்தைப் பற்றி எச்சரிக்கத் தவறியதற்கே அது விலக்கு அளிக்கிறது. வடிவமைக்கத் தவறியதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. எச்சரிக்கவில்லை என்பது எங்கள் குற்றச்சாட்டே அல்ல. கையேட்டில் எச்சரிக்கை இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஊருக்கெல்லாம் தெரிந்த ஆபத்து என்று நண்பர் சொல்கிறார். அப்படியானால் வரைபலகையின் முன் உட்கார்ந்தவருக்கு அது இன்னும் நன்றாகத் தெரியும். தெரிந்துதான் கடுமை 9 என்று எழுதினார்கள். தெரிந்துதான் கைப்பிடியில் குழி வெட்டினார்கள். பிறகு அந்த முள்ளை எடுத்துவிட்டுக் கையேட்டில் ஒரு வரியை வைத்தார்கள்.

ஆணையத் தலைவர் குக்கர் மூடியைக் கையில் வாங்கி, கைப்பிடியின் உட்புறக் குழியில் பேனா முனையை விட்டுப் பார்த்தார். உடனிருந்த பெண் உறுப்பினர் ஒரு கேள்விதான் கேட்டார்: “அடைப்பு இருக்கான்னு சமைக்கிறவங்க எப்படித் தெரிஞ்சுக்கறது?” எதிர்த்தரப்பிலிருந்து பதில் வரவில்லை.

உத்தரவில் உற்பத்திக் குறை என்ற கோரிக்கை தள்ளுபடியானது. ஆய்வக அறிக்கைக்குப் பிறகு அதில் வியப்பில்லை. 84-ஆம் பிரிவின்படி வடிவமைப்புக் குறை நிரூபணமாகியிருக்கிறது என்று ஆணையம் முடிவு செய்தது. வைத்தியச் செலவு, தையல் வருமான இழப்பு, உடல் வேதனை மூன்றுக்கும் தனித்தனியே தொகை விதித்தது. நாங்கள் கேட்டதில் பாதிக்குச் சற்று மேல். குக்கரை விற்ற பாத்திரக் கடைக்காரர் விடுவிக்கப்பட்டார். வடிவத்தில் அவருக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை. தயாரிப்பாளர் யார் என்பதும் மறைவில்லை. விற்பனையாளரின் பொறுப்பைச் சொல்லும் 86-ஆம் பிரிவுக்குள் அவர் வரமாட்டார். அவரை விட்டுவிடுவதில் எங்களுக்கும் ஆட்சேபம் இருக்கவில்லை.

கம்பெனி பாதித் தொகையைக் கட்டி மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்தது. விசாரணைக்கு வருமுன் அவர்களே பேச வந்தார்கள். மீதித் தொகையும் கொடுத்து, இரு தரப்பும் கூட்டு மெமோ தாக்கல் செய்து முடித்துக்கொண்டோம். அதன் பிறகு கடைக்கு வந்த மாடலில் முள் இருக்கிறது. ஒரே கையாலும் திறக்க முடிகிறது. இரண்டு தேவையும் ஒன்றாகச் சேர முடியாதவை என்று கோப்பில் எழுதியிருந்ததை அந்தக் குக்கரே பொய்யாக்கிவிட்டது.

வீட்டுச் சாதனத்தால் காயம்பட்டு என்னிடம் வருகிறவர்களில் பலர், ராசியில்லாத பொருள் என்று அதைக் காயலான் கடையில் போட்டுவிட்டு வருகிறார்கள். அல்லது சர்வீஸ் சென்டரில் கொடுத்துப் புது மூடி மாற்றி வாங்கி வருகிறார்கள். சாட்சி அதோடு போய்விடும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். சாதனத்தைக் கழுவாமல், சரிசெய்யாமல், அப்படியே ஒரு பையில் போட்டு வையுங்கள். பில், அட்டைப்பெட்டி, கையேடு, ஆஸ்பத்திரிச் சீட்டுகள், சம்பவ இடத்தின் போட்டோ எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். கம்பெனி எந்த மாநிலத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். அதற்குச் சட்டம் தரும் கெடு இரண்டு ஆண்டுகள்.